பென்டெஸ்டிங் படிக்க எந்த புக் வாங்க? ஒண்ணு ரெண்டு மட்டும் வாங்க முடிஞ்சவங்களுக்கு

"அண்ணே, எத்திக்கல் ஹேக்கிங் படிக்கணும், எந்த புக் வாங்க?" நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைய கிட்ட இருந்து அடிக்கடி வாற கேள்வி இது. இப்போ திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு டெய்லி ட்ரெயின்ல போய்ட்டு வாற ஆளுகளும் கேக்க ஆரம்பிச்சிட்டாவ. நெட்ல தேடுனா டாப் டென் லிஸ்ட்டுன்னு வரும், பத்தையும் வாங்குனா செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒண்ணுக்க காசு போயிரும், அது போட்டும், அந்த லிஸ்ட்ல எது காலாவதி ஆயிட்டு எது இன்னும் உசுரோட இருக்குன்னு எவனும் சொல்லுதது இல்ல. அதனால நான் லிஸ்ட் போடப் போறதில்ல. கையில ரெண்டாயிரம் மூவாயிரம் ரூவா இருக்கு, ஒண்ணு வாங்கலாம், மிஞ்சிப் போனா ரெண்டு, அப்படி இருக்கவங்களுக்குத்தான் இது.

புக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெளிவாகணும். பென்டெஸ்டிங்கும் செக்யூரிட்டி ஆடிட்டும் ஒரே வேலை இல்ல, கம்பெனிக்காரங்க வேலை விளம்பரத்துல ரெண்டையும் சேத்து எழுதி நம்மள கொழப்பி வச்சிருக்காவ. பென்டெஸ்டர் ஓட்டைய கண்டுபிடிச்சு, அனுமதி வாங்குன எல்லைக்குள்ள அது வழியா உள்ள போய் காட்டுவாரு. ஆடிட்டர் பெரும்பாலும் உள்ள போகவே மாட்டாரு, நீங்க எழுதி வச்ச விதிப்படி நீங்களே நடக்கியளான்னு ஆதாரம் கேப்பாரு. முன்னதுக்கு நெட்வொர்க், லினக்ஸ், வெப் இதெல்லாம் கையில வரணும். பின்னதுக்கு பொறுமையா படிக்கவும் ஆளுகட்ட பேசி விஷயத்த வாங்கவும் தெரியணும். ரெண்டுக்கும் புக் வேற, ஒண்ணுக்கு வாங்குனத வச்சு மத்தத ஓட்டலாம்னு நெனச்சா காசு வேஸ்ட்.

நான் ஒரு டெக்னிக்கல் புக்க எடை போடுறதுக்கு ஒரே கேள்விதான் கேப்பேன், டூல் மாறுனாலும் இந்தப் பாடம் நிக்குமா? ஃபியோடர்னு எல்லாரும் கூப்புடுற கார்டன் லயன், நெட்வொர்க்ல எந்த மெஷின்ல எந்த வாசல் தொறந்திருக்குன்னு பாக்குற என்மேப் டூல எழுதுன ஆளு, 2009ல "என்மேப் நெட்வொர்க் ஸ்கேனிங்"னு ஒரு புக் போட்டாரு. அதுல சின் ஸ்கேன் பத்தி சொல்லுத இடத்த எடுங்க. நாம ஒரு மெஷினுக்க போர்ட்டுக்கு, அதாவது அந்த வாசலுக்கு, பேசலாமான்னு சின் பாக்கெட் அனுப்புதோம், பதிலுக்கு சரின்னு சின்-ஆக் வந்தா போர்ட் தொறந்திருக்கு, ஆர்எஸ்டி வந்தா மூடியிருக்கு, ஒண்ணுமே வரலன்னா நடுவுல ஃபயர்வால் ஏதோ முழுங்குது, அத ஃபில்டர்டுன்னு காட்டும். இது என்மேப்புக்க வித்தை கெடையாது, மெஷினுக ஒண்ணோட ஒண்ணு பேச 1981ல வந்த டிசிபி விதி, எல்லா மெஷினும் அந்த விதிப்படி பதில் சொல்லித்தான் ஆகணும். அதனால அந்த அத்தியாயம் இன்னைக்கும் அப்படியே ஓடும். புக்குல பாதி கிட்ட என்மேப் சைட்லயே ஃப்ரீயா கெடக்கு, அதனால காசு குடுத்து வாங்க வேண்டாம், அந்தப் பாதிய ஒழுங்கா படிச்சாலே போதும்.

இதுக்கு நேர் எதிர்ல "ஹேக்கர் பிளேபுக் 3", பீட்டர் கிம் எழுதுனது, 2018. ரெட் டீம் ஆளு, அதாவது நெஜ எதிரி மாதிரி நடிச்சு கம்பெனிய தாக்கிப் பாக்குற ஆளு, எப்படி யோசிப்பான்னு அழகா காட்டும், அதுல குத்தம் இல்ல. ஆனா பக்கத்துக்குப் பக்கம் டூலும் கமாண்டும். அந்த சமயத்துல எல்லாரும் கொண்டாடுன எம்பயர்னு ஒரு டூல், 2019லயே அத எழுதுனவங்க கைவிட்டுட்டாவ, அப்புறம் வேற ஒரு டீம் எடுத்து நடத்துது, கமாண்டெல்லாம் மாறிப் போச்சு. இத இப்போ புதுசா படிக்க வாறவன் காசு போட்டு வாங்குறது போன வருஷ பஞ்சாங்கத்த வாங்குற மாதிரி. யாராவது வச்சிருந்தா வாங்கிப் படிச்சிட்டு திருப்பிக் குடுத்துருங்க.

சரி, எல்லா லிஸ்ட்லயும் மொத எடத்துல நிக்குற ஜார்ஜியா வெய்ட்மேன் புக்குக்கு வருவோம். "பெனிட்ரேஷன் டெஸ்டிங்", நோ ஸ்டார்ச் பிரஸ், 2014. இந்த புக் மேல எனக்கு மரியாதையும் உண்டு கோவமும் உண்டு. மரியாதை எதுக்குன்னா இங்கிலீஷ். தமிழ் மீடியத்துல பன்னெண்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிட்டு வந்த ஒரு பையன் டிக்ஷனரி இல்லாம வாசிக்கக்கூடிய இங்கிலீஷ், சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஸ்க்ரீன்ல என்ன வரும்னு அப்படியே போட்டிருப்பாங்க. தகவல் சேகரிக்கிறது, ஓட்டை தேடுறது, உள்ள போறது, உள்ள போன பெறவு என்ன செய்யணும், இந்த வரிசை மண்டைல பதிஞ்சிரும். நெறைய புக்கு இந்த வரிசையக் கூட ஒழுங்கா சொல்லாது.

கோவம் லேப்புக்கு, அதாவது பழகுறதுக்கு நாம போடுற சோதனை மெஷின்களுக்கு. மொத அத்தியாயத்துலயே விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் ஒண்ணு ரெடி பண்ணச் சொல்லும், அதுல ஜெர்விட் 0.4, எஸ்எல்மெயில் 5.5, வார்-எஃப்டிபி 1.65, அடோபி ரீடர் 8.1.2 இதெல்லாம் போடணும், கூட ஒரு விண்டோஸ் 7, ஒரு உபுண்டு 8.10. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல்லயே சப்போர்ட்ட நிறுத்திட்டு, புக் கடைக்கு வந்ததே அதுக்குப் பெறவுதான். இப்போ அந்த எக்ஸ்பி சிடிக்கு எங்க போவிய, சவம் அந்தப் பழைய சாஃப்ட்வேர் ஒவ்வொண்ணையும் தேடி எங்கயோ ஒரு சந்து சைட்ல இருந்து எறக்குனா அதுல வேற என்ன வைரஸ் ஒட்டிட்டு வரும்னு யாருக்குத் தெரியும். ரொம்பப் பேரு இந்த புக்க லேப் போடுற எடத்துலயே மூடி வச்சிடுதாவ, அப்புறம் "எனக்கு இது வராது"ன்னு தன் மேலயே பழி போட்டுக்குதாவ. குத்தம் அவங்க மேல இல்ல, புக்குக்கு வயசாயிட்டு.

வாங்கி வச்சிருக்கவங்க தூக்கிப் போட வேண்டாம், இப்படிப் படிங்க. லேப் அத்தியாயத்த வாசிச்சிட்டு விட்டுருங்க. அதுக்குப் பதிலா மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2ன்னு வேணும்னே ஓட்டை போட்டு வச்ச லினக்ஸ் மெஷின் ஃப்ரீயா கெடைக்கும், அத விர்ச்சுவல்பாக்ஸ்ல, அதாவது ஒரு மெஷினுக்குள்ள இன்னொரு மெஷின ஓட்டுற சாஃப்ட்வேர்ல, ஏத்துங்க, பக்கத்துல பென்டெஸ்டிங் டூலெல்லாம் சேத்து வச்ச காளி லினக்ஸ் ஒண்ணு. எட்டு ஜிபி ராம் இருக்க லேப்டாப்ல ரெண்டும் சேந்து தாராளமா ஓடும். நெட்வொர்க்க மட்டும் ஹோஸ்ட்-ஒன்லில வைங்க, பிரிட்ஜ்ல வச்சா அந்த ஓட்டை மெஷின் உங்க வீட்டு வைஃபைல, இல்லன்னா ஹாஸ்டல் வைஃபைல தொறந்து கெடக்கும். இன்னொண்ணு, பழைய புக் எல்லாமே காளில நீங்க ரூட்டா, அதாவது முழு அதிகாரம் உள்ள யூசரா, இருக்கியன்னு நெனச்சு கமாண்ட் எழுதியிருக்கும், 2020ல வந்த முதல் ரிலீஸ்ல இருந்து காளில சாதா யூசர்தான், அதனால புக்ல இருக்கத அப்படியே அடிச்சா பெர்மிஷன் டினைட்னு வரும், முன்னாடி சூடோ சேக்கணும். இந்த ஒரு விஷயம் தெரியாம ஒரு சாயங்காலம் முழுக்க மண்டைய ஒடச்சிட்டு இருக்க பிள்ளைய உண்டு.

எக்ஸ்ப்ளாய்ட், அதாவது ஓட்டை வழியா உள்ள போற கோட, எழுதுற அத்தியாயங்கள், மெமரில எடத்துக்கு மேல எழுதி ஏமாத்துற ஸ்டாக் ஓவர்ஃப்ளோல ஆரம்பிச்சு நாலு இருக்கு, அத இப்போதைக்கு விட்டுருங்க. அது வேணும்னா அதுக்குன்னே ஜான் எரிக்சன் எழுதுன "ஹேக்கிங்: தி ஆர்ட் ஆஃப் எக்ஸ்ப்ளாய்டேஷன்" இருக்கு, ரெண்டாம் பதிப்பு 2008. அது வேற தரம். சி லாங்குவேஜ்ல பாயின்டர்னா என்னன்னு ஆரம்பிச்சு, மெமரில ஒவ்வொரு பைட்டும் எங்க உக்காருதுன்னு ஜிடிபின்னு ப்ரோக்ராம நடுவுல நிறுத்திப் பாக்குற டூல்ல நிறுத்தி நிறுத்திக் காட்டும். 32 பிட்டுதான், பழசுதான், ஆனா பாடம் நிக்குது. வேலைக்கு ஒடனே உதவுமான்னு கேட்டா உதவாது. பென்டெஸ்டர்ல நெறைய பேரு அவங்க வாழ்நாள்ல ஒரு ஓவர்ஃப்ளோ கூட சொந்தமா எழுதுனது இருக்காது. சி மேல ஆசை இருக்கவன் மட்டும் வாங்கட்டும்.

லினக்ஸே தெரியாதுன்னா? "லினக்ஸ் பேசிக்ஸ் ஃபார் ஹேக்கர்ஸ்" நல்லாத்தான் இருக்கு, சின்ன புக். ஆனா காளி ஆளுகளே எழுதுன "காளி லினக்ஸ் ரிவீல்ட்" பிடிஎஃப் ஃப்ரீ. அதுல டெபியன் பேக்கேஜ் எப்படி வேலை செய்யும், சர்வீஸ எப்படி நிறுத்தணும் இதெல்லாம் வரும், ஹேக்கிங் ரொம்ப வராது, ஆரம்பத்துக்கு அதுதான் வேணும். இதுக்கு காசு செலவு பண்ணாதிய.

இனி வெப். நம்ம ஊர்ல இருந்து வேலைக்குப் போற பிள்ளையளுக்கு நெசமான வாசல் இதுதான்னு நான் நெனக்கேன், ஏன்னா டெக்னோபார்க்லயும் சரி பெங்களூர்லயும் சரி டெஸ்ட் பண்ணச் சொல்லி வாறதுல பெரும்பங்கு வெப்பும், ஒரு ப்ரோக்ராம் இன்னொண்ணுட்ட பேசுற ஏபிஐயும்தான். இங்க மூணு பேரு போட்டி போடுதாவ.

ஒண்ணு "வெப் அப்ளிகேஷன் ஹேக்கர்ஸ் ஹேண்ட்புக்", டேஃபிட் ஸ்டட்டார்டும் மார்கஸ் பின்டோவும், ரெண்டாம் பதிப்பு 2011, தொள்ளாயிரம் பக்கம் கிட்ட வரும். வேதம்னு சொல்லுவாவ. பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவுல நின்னு என்ன போகுது வருதுன்னு காட்டுற பர்ப் சூட்ட செஞ்ச ஆளு ஸ்டட்டார்டுதான், அதனால சொல்லுத எதுவும் காத்துல சொன்னது இல்ல. ஃப்ளாஷ், சில்வர்லைட், ஜாவா ஆப்லெட்னு பக்கம் பக்கமா இருக்கும், ஃப்ளாஷ் 2020 முடிவுலயே செத்துப் போச்சு, அதெல்லாம் சாடிப் போயிரலாம். லாகின் டோக்கனுக்கு இப்போ உள்ள ஜேடபிள்யூடி கெடையாது, ஏபிஐட்ட கேள்வி கேக்குற கிராஃப்கியூஎல் கெடையாது, முன்னது ஸ்டாண்டர்ட் ஆனதும் பின்னது வெளிய வந்ததும் புக்குக்குப் பெறவு 2015லதான். ஆனா லாகின், செஷன், யாருக்கு என்ன பாக்க அனுமதின்னு பேசுற அத்தியாயங்கள், அப்புறம் பதினொண்ணாவதா வாற லாஜிக் ஓட்டை அத்தியாயம், இதெல்லாம் எந்த ஃப்ரேம்வொர்க் வந்தாலும் அசையாது. கடைசில இருபத்தொண்ணாவது அத்தியாயம் முழுக்க டெஸ்ட் பண்ணுற வரிசைதான், மொதல்ல என்ன பாக்கணும் அடுத்து என்னன்னு, அத ஜெராக்ஸ் எடுத்து செவுத்துல ஒட்டலாம்.

மூணாம் பதிப்பு வராதுன்னு எழுதுனவங்களே சொல்லிட்டாவ. அதுக்குப் பதிலா 2019ல வெப் செக்யூரிட்டி அகாடமின்னு ஆன்லைன்ல ஃப்ரீயா தொறந்தாங்க, பாடமும் இருக்கு லேபும் இருக்கு, லேப் அவங்க சர்வர்ல ஓடுறதால நம்ம லேப்டாப் நாலு ஜிபியா இருந்தாலும் பிரச்சன இல்ல. இது ரெண்டாவது போட்டியாளர், காசும் கேக்காது. கொற என்னன்னா தனித்தனி பாடமா இருக்கும், ஒரு முழு சைட்ட கையில குடுத்தா எங்க ஆரம்பிக்கணும்ங்கற புத்தி அதுல மட்டும் வராது. நெட்டும் தொடர்ந்து வேணும், பேச்சிப்பாற அருமனை பக்கம் மழ பெய்ஞ்சா நெட்டுக்க கதி தெரியும்தானே.

மூணாவது விக்கி லீ எழுதுன "பக் பவுன்ட்டி பூட்கேம்ப்", 2021. என் ஓட்டு இதுக்குத்தான், காரணத்த ஒரு உதாரணத்தோட சொல்லுதேன். ஜூஸ் ஷாப்னு, வெப் பாதுகாப்புக்குன்னே இருக்க ஓவாஸ்ப் அமைப்பு ஆளுக ப்ராக்டீசுக்காகவே செஞ்சு வச்ச ஒரு போலிக் கடை சைட் இருக்கு, உங்க மெஷின்லயே ஓட்டலாம். லாகின் பண்ணி கூடைல ஒரு ஜூஸ போட்டுட்டு, பர்ப்ப நடுவுல வச்சுப் பாத்தா பிரவுசர் /ரெஸ்ட்/பாஸ்கெட்/ ன்னு போய் கடைசில ஒரு நம்பரோட கூடைய கேக்கும். அந்த நம்பர மட்டும் மாத்தி அனுப்புங்க. வேற ஒருத்தருக்க கூடை வந்து நிக்கும். சர்வர் "நீ லாகின் பண்ணியிருக்கியா"ன்னு பாத்துதே தவிர "இந்தக் கூடை உன்னுதா"ன்னு பாக்கல. ஐடார்னு சொல்லுதது இதத்தான். ஓவாஸ்ப் 2021ல போட்ட வெப் ஆபத்துகளுக்க டாப் டென்ல மொத எடம் இந்தக் குடும்பத்துக்குத்தான், ப்ரோக்கன் ஆக்சஸ் கன்ட்ரோல். விக்கி லீ புக்குல ஐடாருக்கு ஒரு அத்தியாயம், அது ஏன் வருது, டெவலப்பர் எப்படித் தடுக்கணும், எப்படித் தேடணும், தடுப்பு போட்டிருந்தா எப்படிச் சுத்திப் போகணும், சின்ன ஓட்டைய எப்படி பெரிய பாதிப்பா காட்டணும், இதே வரிசைல ஒவ்வொரு ஓட்டைக்கும் போவாங்க. தடுக்கற பகுதி இருக்கறதுதான் எனக்கு முக்கியம். இன்டர்வியூல "ஓட்டைய கண்டுபிடிச்சிட்ட, சரி, டெவலப்பர்ட்ட என்ன மாத்தச் சொல்லுவ"ன்னு கேட்டா பாதிப் பேரு முழிக்கிறது அங்கதான்.

பீட்டர் யாவோர்ஸ்கி எழுதுன "ரியல்-வேர்ல்ட் பக் ஹன்ட்டிங்" 2019, அதுவும் இதே ரகம், ஆனா நெஜ ரிப்போர்ட்டுகள எடுத்து ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு கஷ்டம், எவ்வளவு காசு குடுத்தாவன்னு போட்டு வெளக்கும். படிக்க சுவாரசியம். ரிப்போர்ட் எப்படி எழுதணும்ங்கற கைப்பழக்கம் தன்னால வரும். விக்கி லீ வாங்குனவங்களுக்கு இது தேவையில்ல, இது கையில இருந்தா அவசரமா அத வாங்கவும் வேண்டாம். அதுல வாற காசு நம்பரப் பாத்து மயங்கிராதிய, அது ஓட்டை கெடச்சவங்க கணக்கு மட்டும்.

ஆக்டிவ் டைரக்டரி, அதாவது கம்பெனில இருக்க விண்டோஸ் யூசரையும் மெஷினையும் ஒரே எடத்துல கட்டி மேய்க்கிற சிஸ்டம், அத பத்தி ஒரு வார்த்தை. மேல சொன்ன எந்த புக்கும் அத ஒழுங்கா சொல்லித் தராது, ஆனா ஓஎஸ்சிபின்ற பென்டெஸ்டிங் சர்டிபிகேட் பரீட்சைல 2022ல இருந்து நூத்துக்கு நாப்பது மார்க்கு அதுக்குத்தான், பாஸ் மார்க் எழுபது. இதுக்கு புக் தேடாதிய, ஆன்லைன் லேப்தான் வழி, சொந்தமா லேப் போடணும்னா மூணு விண்டோஸ் மெஷின் ஒண்ணா ஓடணும், பதினாறு ஜிபி ராம் இல்லாம அது நடக்காது. புக்குக்கு வச்சிருக்க காசுல ராம் வாங்குறது கூட ஒரு நல்ல முடிவுதான், சிரிக்காதிய.

இப்போ ஆடிட் பக்கம். இங்கதான் நம்ம ஆளுக பார்வை போறதே இல்ல, எனக்கு அது ஒரு ஆதங்கம். பிகாம் படிச்சிட்டு நாகர்கோவில்ல ஆடிட்டர் ஆஃபீஸ்ல வேலை பாக்குற பிள்ளைய எத்தன பேரு, அவங்களுக்கு கணக்குத் தணிக்கை தெரியும், சாம்பிள் எடுக்கத் தெரியும், வவுச்சர் கேக்கத் தெரியும், ஐடி ஆடிட்டுல முக்கால்வாசி அந்த புத்திதான். நகர்ப்புற கூட்டுறவு வங்கிகளுக்கே ரிசர்வ் வங்கி 2018 அக்டோபர்ல அடிப்படை சைபர் பாதுகாப்பு விதி போட்டு, 2019 டிசம்பர்ல அத நாலு லெவலா பிரிச்சிட்டு. மத்திய அரசுக்க சைபர் சம்பவ அமைப்பு செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டு போட்ட உத்தரவு, சைபர் சம்பவம் தெரிஞ்ச ஆறு மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும், லாக், அதாவது சிஸ்டத்துல நடந்ததுக்க பதிவு, 180 நாள் வச்சிருக்கணும்னு சொல்லுது. இதெல்லாம் நடக்குதான்னு பாக்க ஆளு வேணும்லா.

இதுக்கு புக்குன்னு போனா எல்லாரும் கைகாட்டுறது ஐசாக்காங்கற அமைப்பு நடத்துற ஐடி ஆடிட்டர் பரீட்சை சிசாவுக்கு அவங்களே போடுற ரிவியூ மேனுவல். சொல்லிட்டேன், சாப்புட்ட பெறவு மத்தியானத்துல எடுத்தா ரெண்டாவது பக்கத்துல தூங்கிருவிய. விலையும் கூடுதல். பரீட்சைக்கு தேதி குறிச்சாச்சு, நாலு மணி நேரத்துல நூத்தம்பது கேள்விக்கு உக்காரப் போறேன்னா வாங்குங்க, இல்லன்னா வேண்டாம். பாஸ் ஆனாலும் சர்டிபிகேட்டுக்கு அஞ்சு வருஷ அனுபவம் கேப்பாவ, படிப்புக்கு கொஞ்சம் கழிப்பாங்க, அதனால காலேஜ் முடிச்ச ஒடனே இதுல காசக் கொட்டாதிய.

ஆரம்பத்துக்கு என் யோசன, அமெரிக்க அரசுக்க தர நிர்ணய அமைப்பு என்ஐஎஸ்டி போட்ட 800-115. 2008ல வந்த கைடு, ஃப்ரீ, எண்பது பக்கம் சொச்சம். எதையும் சோதிக்க மூணு வழி, டெஸ்ட் பண்ணு, ஆவணத்தையும் செட்டிங்கையும் பரிசோதி, ஆளுகட்ட கேளு, அவ்வளவுதான்னு பிரிச்சுக் காட்டும். பென்டெஸ்டரும் ஆடிட்டரும் எங்க சேருதாவ எங்க பிரியுதாவன்னு இத விட சுருக்கமா வேற எங்கயும் நான் பாக்கல.

ஒரு உதாரணம், வேலைய விட்டுப் போனவங்க அக்கவுன்ட். ஆடிட்டர் மொதல்ல எச்ஆர்ட்ட போய் போன ஆறு மாசத்துல ரிசைன் பண்ணவங்க லிஸ்ட் வாங்குவாரு. அப்புறம் ஐடி டீம்ட்ட இப்போ ஆக்டிவா இருக்க யூசர் லிஸ்ட். லிஸ்ட்ட அவங்க அனுப்பித்தர விடக் கூடாது, பக்கத்துல உக்காந்து கண்ணு முன்னாடி எடுக்கச் சொல்லணும். ரெண்டையும் எக்செல்ல போட்டு ஒப்பிட்டா, மார்ச்சுல போன ஆளுக்க விபிஎன், அதாவது வெளிய இருந்து ஆஃபீஸ் நெட்வொர்க்ல நொழையிற வழி, ஜூலைலயும் உசுரோட இருக்கும். அங்கயே "ஓட்டை"ன்னு கத்துறது இல்ல. இப்போ என்ன இருக்கு, விதிப்படி என்ன இருக்கணும், ஏன் இப்படி ஆச்சு, இதனால என்ன கெடும், என்ன செய்யணும், இந்த அஞ்சையும் அஞ்சு வரில எழுதணும். ஏன் இப்படி ஆச்சுங்கறதுதான் கஷ்டம், பெரும்பாலும் எச்ஆர் ஐடிக்கு மெயில் போடல, போட்டாலும் லீவுல இருந்த ஒருத்தருக்குப் போயிருக்கும்.

விதிப்படின்னா எந்த விதி? பெரும்பாலும் ஐஎஸ்ஓ 27001, தகவல் பாதுகாப்புக்கு உலக அளவுல உள்ள தர விதி. 2022 பதிப்புல பின்னிணைப்புல 93 கன்ட்ரோல், அதாவது பாதுகாப்பு ஏற்பாடு, முந்தின 2013 பதிப்புல 114 இருந்தது. புக் வாங்கும்போது இந்த நம்பரப் பாருங்க, 114னு போட்டிருந்தா அது பழைய பதிப்புக்கு எழுதுனது, விலை கொறச்சு குடுத்தாலும் வாங்காதிய. மத்த எடத்துல பழைய புக்கும் நிக்கும்னு சொன்னேன், இங்க நிக்காது, ஏன்னா ஆடிட்ல நம்பரும் வார்த்தையும்தான் ஆதாரம். கையில பழக, லைனிஸ்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, சொந்த லினக்ஸ் மெஷின்ல ஓட்டுனா எங்கெங்க செட்டிங் லூசா இருக்குன்னு பட்டியல் போடும், ஒவ்வொரு வரிக்கும் மேல சொன்ன அஞ்சு வரிய எழுதிப் பாருங்க.

ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஒரே புக் சொல்லச் சொன்னா ராஸ் ஆண்டர்சன் எழுதுன "செக்யூரிட்டி இன்ஜினியரிங்", மூணாம் பதிப்பு 2020. கேம்பிரிட்ஜ் பேராசிரியர், 2024 மார்ச்சுல காலமாயிட்டாரு. தலகாணி சைஸு. ஏடிஎம் எப்படி ஏமாந்துது, பூட்டு எப்படித் தொறக்குது, ஒரு சிஸ்டம் ஒடஞ்சா நட்டம் யாருக்குன்னு கேட்டாலே பாதி விஷயம் ஏன் வெளங்கிரும், இப்படிப் போகும். முழுசும் அவருக்க பக்கத்துலயே ஃப்ரீயா போட்டிருக்கு. கமாண்ட் ஒண்ணு கூட கத்துக்க மாட்டிய, ஆனா கமாண்ட் கத்துக்கிட்டவன் இத வாசிச்சா பேச்சே மாறிரும். இங்கிலீஷ் கொஞ்சம் வளைஞ்சு போகும், ராத்திரி ஒரு அத்தியாயம்னு பைய வாசிங்க.

சிஇஎச்னு ஒரு எத்திக்கல் ஹேக்கிங் சர்டிபிகேட் பரீட்சை இருக்கு, அதுக்க கைடு புக்குகள் பத்தி கேப்பிய. பரீட்சை எழுதுதா வாங்கு, எழுதலயா வேண்டாம். டெலிகிராம்ல வாற ஓசி பிடிஎஃப் பத்தியும் கேப்பிய. செக்யூரிட்டி படிக்க வந்தவன் முன்பின் தெரியாதவன் அனுப்புன ஜிப் ஃபைல தொறக்கான், இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

சட்டம் ஒண்ணு இருக்கு, இந்த அமெரிக்கா புக்குல நம்ம ஊரு சட்டம் வராது. ஐடி சட்டம் 2000, பிரிவு 43 அனுமதி இல்லாம அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல நொழையிறதப் பத்தி, அத கெட்ட எண்ணத்தோட பண்ணுனா 66வது பிரிவுப்படி மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம்னு அறிவிச்சதுல கைய வச்சா 70வது பிரிவு, பத்து வருஷம் வரைக்கும். "சும்மா செக் பண்ணுனேன், நல்லதுக்குத்தான் சொன்னேன்" இதெல்லாம் ஸ்டேஷன்ல எடுபடாது மக்கா. காலேஜ் ரிசல்ட் சைட்டோ, கன்னியாகுமரில ஏதோ லாட்ஜுக்க புக்கிங் சைட்டோ, எழுத்துல அனுமதி இல்லாம நம்பர மாத்தி அனுப்பிப் பாக்காதிய. ப்ராக்டீசுக்கு ஜூஸ் ஷாப் இருக்கு.

பேப்பர் புக்கா இ-புக்கான்னா, கமாண்ட் காப்பி பண்ண இ-புக் நல்லது, ஆனா கையால அடிச்சாத்தான் மண்டைல ஏறும், அதனால நான் பேப்பர் கட்சி. நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடிலயும் மழ, ஐப்பசி கார்த்திகைலயும் மழ, இறக்குமதி புக்க மச்சுல போட்டு வச்சா பூசணம் பிடிச்சிரும், அது ஒண்ணு பாத்துக்கிடணும். ஓரைலி புக்க மும்பைல ஷ்ராஃப் இந்தியப் பதிப்பா போடுதாவ, இறக்குமதிய விட நல்லா கொறவு, க்ரிஸ் மெக்நாப் எழுதுன "நெட்வொர்க் செக்யூரிட்டி அசெஸ்மென்ட்" மூணாம் பதிப்பு, 2016, அந்த வழில கெடைச்சா நெட்வொர்க் பக்கம் போறவங்க யோசிக்கலாம், எந்தெந்த சர்வீஸ்ல என்ன தேடணும்னு வரிசையா இருக்கும். மொதப் புக்கா மட்டும் வேண்டாம்.

இப்போ யாருக்கு எது. காலேஜ் ரெண்டாம் வருஷம், லினக்ஸ் தெரியாது: ஒண்ணும் வாங்காத, காளி ரிவீல்ட் பிடிஎஃப், என்மேப்ப சைட்ல படி, மெட்டாஸ்ப்ளாய்டபிள் ஏத்து, சீனியர்ட்ட வெய்ட்மேன் புக் இருந்தா வாங்கி நான் சொன்ன மாதிரி பாதிய மட்டும் வாசி. கடைசி வருஷம், இல்லன்னா டெவலப்பரா வேலைல இருக்கிய: விக்கி லீ வாங்குங்க, கூடவே அகாடமி லேப், வெப் ஹேக்கர்ஸ் ஹேண்ட்புக் பழசா சல்லிசா கெடச்சா ரெண்டாவதா எடுத்து நான் சொன்ன அத்தியாயங்கள மட்டும் படிங்க, புதுசு விலைக்கு எடுக்காதிய. ட்ரெயின்ல போய் வாறவங்களுக்கு ஆண்டர்சன், ஃபோன்லயே வாசிக்கலாம். ஆடிட்டர் ஆஃபீஸ்ல இருக்க பிகாம் பிள்ளைய: 800-115, லைனிஸ், அப்புறம் 93 கன்ட்ரோல் போட்ட ஏதாவது ஒரு 27001 கைடு, சிசா மேனுவல ரெண்டு மூணு வருஷம் கழிச்சுப் பாத்துக்கிடலாம், அதுக்குள்ள புதுப் பதிப்பும் வந்துரும்.